அடிகளாருக்குச் சிலை வைத்தோம். அவருடைய வகுப்பறையை என்ன செய்தோம்?

ஜூலை மாதம் 19ஆம் திகதி வந்துவிட்டால் கிழக்கிலங்கையின் ஊர்களில் விபுலானந்த அடிகளின் சிலைகளுக்கு மாலை விழும். பாடசாலைகளின் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி, யாரோ எழுதிக்கொடுத்த உரையை மனப்பாடமாக ஒப்புவிப்பாள். முத்தமிழ் வித்தகர் என்ற பட்டம் குறைந்தது பத்துத் தடவையாவது உச்சரிக்கப்படும். அதிபர் நன்றி சொல்வார். மணி அடிக்கும். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக் கடந்தகால வினாத்தாள்களை விட்ட இடத்திலிருந்து செய்யத் தொடங்குவார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இத்தகைய விழாச் செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போனதைப் பார்த்திருக்கின்றேன். துறவி என்பார்கள்; பேராசிரியர் என்பார்கள்; ஆராய்ச்சியாளர் என்பார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியாராகவே வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பதையும், எத்தகைய வாத்தியாராக இருந்தார் என்பதையும் மேடைகளில் எவரும் விரித்துப் பேசுவதில்லை. பேசினால் சங்கடம். அவர் நம்பிய கல்வியும் இன்று நாம் நம் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்க முடியாதவை.

காரைதீவில் 1892இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாகப் பிறந்த மயில்வாகனம், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். இளவயதிலேயே ஆசிரியரானார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பிறகு கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாச் சான்றிதழைப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அதன்பின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர். துறவு பூண்டு விபுலானந்தர் என்ற பெயரைப் பெற்றது 1924இல்தான்.

இந்த 1916ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பகலில் ஆய்வுகூடத்தில் குடுவையும் தராசும். இரவில் தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும். இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவனின் மேசையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் இருந்திருக்கின்றன. அதே மயில்வாகனம் இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேற்றுடன் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? பெற்றோரும் அதிபரும் பக்கத்து வீட்டுக்காரரும் கூடி, பிள்ளையைக் கணிதப் பிரிவில் தள்ளுவார்கள். கவிதைப் புத்தகத்தை உயர்தரம் முடியும் வரை மூடி வைக்கச் சொல்வார்கள். "தமிழும் படிக்கப்போகின்றேன்" என்று அவன் சொன்னால், "கலைப்பிரிவுக்குப் போற அளவுக்கு உனக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். கலைப்பிரிவு என்பது மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்காதவர்களின் தங்குமடம் என்ற எண்ணம் நம் சமூகத்தில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றது.

ஆனால் அந்த இரண்டு படிப்பும் ஒரே தலைக்குள் இருந்ததனாலேயே யாழ்நூல் நமக்குக் கிடைத்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தைச் சொல்லும் சில அடிகள் உள்ளன. பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றுக்குப் பதவுரை சொன்னார்கள். அந்த அடிகளைக் கவிதையாக இரசித்த ஒருவர், இரசிப்பு தந்த அரிப்பினால், இந்த யாழ் எப்படி ஒலித்திருக்கும், நரம்புகள் எத்தனை, எந்த நரம்புக்கும் எந்த நரம்புக்கும் என்ன விகிதம் என்று கேட்கத் தொடங்கினார். விடை காண்பதற்குக் கணிதமும் பௌதிகத்தின் ஒலியியலும் தேவைப்பட்டன. அவை அவரிடம் இருந்தன. வழக்கொழிந்து போன ஒரு வாத்தியத்தைச் செய்யுளிலிருந்தும் உரையிலிருந்தும் கணக்கிட்டு மீட்டார். யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என்று விரியும் அந்நூலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் செய்யுள், அடுத்த பக்கத்தில் பின்னங்களும் அட்டவணைகளும். பல ஆண்டுகளின் உழைப்பு அது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார்.

கவிதை வாசிப்பது பொழுதுபோக்கு, கணிதம் படிப்பது அறிவு என்று பிரிப்பவர்கள் இந்த நூலின் முன் வந்து நின்று அதைச் சொல்லட்டும்.

ஆங்கிலக் கவிஞர்களைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த 'ஆங்கில வாணி' எழுதியவரும் அவரே. சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்து 'மதங்கசூளாமணி' எழுதியவரும் அவரே. பாரதியைப் பண்டிதர் உலகம் இளக்காரமாகப் பார்த்த காலத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் என்ற கதிரையில் இருந்துகொண்டு பாரதியின் பாடல்களை மாணவர் நடுவே பரப்பினார். புதிய கவிதையைக் கண்டு அஞ்சாத தமிழ்ப் பேராசிரியர் இன்றைக்கும் எளிதில் கிடைக்கமாட்டார். சென்னையில் 1930களில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணி நடந்தபோது அதிலும் முன்னின்றார். வேதிப்பொருளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுவதும் ஒருவகைக் கவித்தொழிலே. சொல்லின் வேரும் ஓசையும் தெரியாதவன் ஆக்கிய கலைச்சொல் எவர் வாயிலும் நிற்பதில்லை. நம் பாடநூல்களில் அதற்கு வேண்டிய அளவு சான்று உண்டு.

இவையெல்லாம் படித்த மேலோருக்கான விளையாட்டு என்று எவரேனும் நினைத்தால், கல்லடி உப்போடையைப் பார்க்க வேண்டும். 1929இல் அங்கே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அதை ஒட்டிய இல்லத்தில் ஆதரவற்ற பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் தங்கவைத்துப் படிப்பித்தார். அண்ணாமலையில் பேராசிரியராக இருந்த காலத்திலும், அருகே திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சோறும் பாட்டும் விஞ்ஞானமும் ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் உரியவை என்று அவர் கருதினார் என்பதை, நடத்திய நிறுவனங்களைக் கொண்டே சொல்லலாம். முதலில் சோறு, பிறகு பரீட்சை, பரீட்சையில் தேறி உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் பெற்ற பிறகு வேண்டுமானால் பாட்டு என்ற வரிசை பின்னால் வந்தது. அதை இயற்றியவர்கள் நாம்.

சிவானந்த வித்தியாலய வளவில் அவருடைய சமாதி இருக்கின்றது. 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' என்ற அவருடைய பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. கோயிலுக்குப் பறித்துக் கொடுக்கும் பூவைக் காட்டிலும் உள்ளத்திலும் கையிலும் கண்ணிலும் மலர்வதே பூ என்று சொல்லும் பாடல். ஒரு பிள்ளையின் சமய உணர்வையே தலைகீழாகப் புரட்டிப் போடக்கூடியது. அந்தப் பாடலை நம் வகுப்பறைகளில் என்ன செய்கின்றோம்? எத்தனை மலர்கள், அவை எவை, பாடியவர் யார், அவர் பிறந்த ஊர் எது. நான்கு வினா, நான்கு விடை. பாடல் முடிந்தது. பூவும் முடிந்தது.

இனி, இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் விடயத்துக்கு வருகின்றேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சம் வரையிலான பிள்ளைகள், பத்து வயதுப் பிள்ளைகள், நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதும் பரீட்சை. 2024 செப்டெம்பரில் அதன் வினாத்தாளிலிருந்து மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்துவிட்டன என்ற விவகாரம் எழுந்தது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த மூன்று வினாக்களுக்கும் பரீட்சை எழுதிய அனைவருக்கும் புள்ளி வழங்குவதென்று ஆண்டு முடியும் தறுவாயில் தீர்மானமாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் மூன்று கேள்விகளுக்காக ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோரை நான் குறைசொல்லவில்லை. விளையாட்டு மைதானத்தில் நிற்க வேண்டிய வயதை இவ்வளவு பெரிய சூதாட்டமாக்கி வைத்தவர்களைக் குறைசொல்கின்றேன்.

இந்தப் பரீட்சைக்காக வாதாடுவோரிடம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்கள் 1940களில் வந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளையைத் தெரிந்தெடுத்து மத்திய கல்லூரிக்கு அனுப்பி, விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பதற்கான ஏணியாகவே புலமைப்பரிசில் ஏற்பட்டது. அந்த ஏணியில் ஏறி வந்தவர்கள் என் தலைமுறையில் ஏராளம். எங்கள் பத்திரிகைக் கந்தோர்களிலும் இருந்தார்கள். அந்த ஏணியை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று அந்த ஏணியின் ஒவ்வொரு படிக்கும் வாடகை வாங்கப்படுகின்றது. மூன்றாம் தரத்திலேயே தனியார் வகுப்பு; நான்காம் தரத்தில் இரண்டு வகுப்பு; ஐந்தாம் தரத்தில் விடியற்காலை ஒன்று, பாடசாலை விட்டதும் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை 'செமினார்'. வாடகை கட்ட முடியாத முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் வாகரைப் பிள்ளைக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கும் அந்த ஏணி தூரத்தில் தெரியும் ஒரு படம் மட்டுமே. ஏழையின் பெயரால் தொடங்கியதை ஏழையின் பெயரால் காப்பாற்றிக்கொண்டு, ஏழையை வெளியே நிறுத்தியிருக்கின்றோம்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள். தரப்படுத்தல் வந்த 1970களிலிருந்து நமக்குப் போட்டி போட்டே வாழ வேண்டிய நிலை. கல்வியொன்றே நம் மூலதனம். நமக்குக் கவிதைக்கு நேரமில்லை என்பார்கள். தரப்படுத்தலின் காயம் உண்மையானது. அதனால் ஒரு தலைமுறை எங்கே போயிற்று என்பதை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அநீதிக்கு விடையாக நம் பிள்ளைகளைப் புள்ளி பொறுக்கும் கோழிகளாக வளர்க்க வேண்டும் என்று எந்தத் தலைவர் சொன்னார்? எந்த மாநாடு தீர்மானித்தது? பயம் பழக்கமாயிற்று, பழக்கம் வியாபாரமாயிற்று.

கவிதைக்கு நேரமில்லை என்பதும் உண்மையல்ல. ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகள் நடக்கின்றன. பாடசாலை மட்டம், கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம். பேச்சு, பாவோதல், கட்டுரை வரைதல், கவிதையாக்கம், சிறுகதையாக்கம் என்று பிரிவுகள். ஏட்டளவில் பார்த்தால் உலகில் வேறெந்தச் சமூகமும் பிள்ளைகளின் ஆக்கத்திறனுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்திருக்குமா என்று வியக்கத் தோன்றும். உள்ளே நடப்பது என்ன? பேச்சை ஆசிரியர் எழுதுகின்றார், அல்லது வெளியே ஒரு 'பேச்செழுதுபவர்' பிடிபடுகின்றார். எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்று பயிற்சி தரப்படுகின்றது. எதிர்பார்க்கக்கூடிய தலைப்புகளில் நான்கைந்து கட்டுரைகள் மனப்பாடம். இது ஆக்கத்திறனா? மூக்கும் வாயும் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் செய்த களிமண் பொம்மை. எல்லா ஆசிரியர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையின் சொந்த வரியை, அது கோணலாக இருந்தாலும், மேடைக்கு அனுப்பும் துணிவுள்ள ஆசிரியர் தோற்றுப்போகின்றார் என்பதை அந்தத் துறையில் உள்ளவர்கள் தனிமையில் ஒத்துக்கொள்வார்கள்.

வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நீண்ட காலம் படிப்பித்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரை நாம் 'தங்கத்தாத்தா' என்று கொஞ்சுகின்றோம். நீதிவாக்கியங்களிலேயே தமிழ் தொடங்கிய காலத்தில், ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் தோட்டத்து வெருளியையும் பிள்ளையின் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்துதான் மொழி தொடங்க வேண்டும் என்ற கல்வித் தத்துவத்தைப் பாட்டாகவே எழுதிவிட்டுப் போனவர். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் (பெயரும் ஊரும் வேண்டாம், அவருக்கு இன்னும் சேவைக்காலம் இருக்கின்றது) 'கத்தரித் தோட்டத்து வெருளி' பாடம் வந்தபோது, பிள்ளைகளைப் பாடசாலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று வைக்கோலும் பழைய சட்டையும் சட்டியும் கொண்டு ஒரு வெருளி கட்டச் செய்தார். அதற்கு ஒரு பெயர் வைத்து, அது காகத்தோடு என்ன பேசும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார். ஒரு பிள்ளை, வெருளிக்கு இரவில் பயமாக இருக்கும், அதற்குத் துணைக்கு இன்னொரு வெருளி வேண்டும் என்று எழுதியதாம். அந்தப் பிள்ளையின் தகப்பன் காணாமற்போனவர்களில் ஒருவர். வகுப்பில் அதுவரை வாய் திறக்காத பிள்ளை.

மறுவாரம் சில பெற்றோர் அதிபரிடம் வந்தார்கள். புலமைப்பரிசிலுக்கு இன்னும் பத்து மாதம். வெருளி கட்டவா பிள்ளைகளை அனுப்புகின்றோம் என்றார்கள். ஆசிரியைக்கு அந்த வகுப்பு இல்லாமற்போயிற்று. அந்தப் பெற்றோரும் நல்லவர்கள், அதிபரும் நல்லவர், யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் இரண்டாவது வெருளிக்குப் புள்ளித்திட்டத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

போர்க்காலத்திலும் இதே கேள்வி இருந்தது. அதற்கு விடையும் இருந்தது. பாடசாலை ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 'கூடி விளையாடு பாப்பா' என்று சிறுவருக்கு நாடகம் எழுதினார். பின்னர் குண்டுச் சத்தத்தின் நடுவே, 'மண் சுமந்த மேனியர்', 'அன்னை இட்ட தீ' போன்ற நாடகங்களில் போர் மனித மனத்துக்குச் செய்ததை மேடைக்குக் கொண்டுவந்தார். மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகள் ஆடிப் பாடி நடித்தார்கள். பரீட்சையும் எழுதினார்கள். படைப்பு வழிக் கல்வி என்பது வசதி வந்த பிறகு வாங்கும் ஆடம்பரம் என்று வாதிடுவோருக்கு அந்தப் பத்தாண்டுகள் போதிய மறுப்பு. சண்முகலிங்கம் 2025இல் காலமானார். அஞ்சலிகள் நிறைய வந்தன. அவருடைய அரங்கப் பயிற்சியை ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கொடுப்போம் என்று எந்தக் கல்வித் திணைக்களமாவது அந்த அஞ்சலியோடு அறிவித்ததா? என் கண்ணில் படவில்லை.

தாகூரைப் பற்றி ஒரு சொல். 1918இல் அவர் எழுதிய கிளிக்கதையில், அரசன் ஒருவன் தன் கிளிக்குக் கல்வி கற்பிக்க ஆணையிடுவான். பொற்கூண்டு செய்யப்படும். ஏடுகள் மலையாகக் குவியும். கண்காணிப்பவர்கள் பெருகுவார்கள். ஏட்டைக் கிழித்துக் கிளியின் வாயில் திணிப்பார்கள். கடைசியில் கிளி செத்துப்போகும். வயிற்றுக்குள் காகிதம் சரசரக்கும். அதே தாகூர் 1934இல் இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீபாலி என்ற கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனுக்குப் போய்ப் படித்துவந்த சிங்களக் கலைஞர்கள் தம் இசையையும் நடனத்தையும் புதுப்பித்தார்கள். நமக்கோ சாந்திநிகேதன் வரை போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. நம் ஊரிலேயே, நம் மொழியிலேயே, அதே எண்ணத்தோடு ஒருவர் கல்லடியில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலையும் விட்டுவிடுவதற்கில்லை. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் போட்டால் பத்திரிகை கூடுதலாக விற்கும் என்பது ஆசிரியபீடங்கள் அனைத்துக்கும் தெரிந்த கணக்கு. பெறுபேறு வந்த மறுநாள், அதிகூடிய புள்ளி பெற்ற பிள்ளையின் படம் முதற்பக்கத்தில். தனியார் கல்வி நிலையங்களின் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் உட்பக்கத்தில். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அதே பத்திரிகையைத் தன் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும். சிறுவர் பக்கம் என்று ஒன்று முன்பு எல்லாப் பத்திரிகைகளிலும் இருந்தது. பிள்ளைகள் தம் கையால் எழுதி அனுப்புவார்கள். நம் எழுத்தாளர்களில் பலர் அங்கேதான் முதன்முதலில் தம் பெயரை அச்சில் கண்டார்கள். மாதிரி வினாத்தாள் அந்த இடத்தையும் சாப்பிட்டுவிட்டது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் பிள்ளைகள் அங்குள்ள பாடசாலைகளில் களிமண்ணிலும் வண்ணத்திலும் கையளைந்து, கேள்வி கேட்டு வளர்கின்றார்கள். அதைப் பெருமையாக எழுதுகின்றீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்து வந்ததும் அதே பிள்ளையிடம், அதற்குப் பொருள் விளங்காத பேச்சொன்றை மனப்பாடம் செய்யச் சொல்கின்றீர்கள். பிறகு, பிள்ளைக்குத் தமிழில் நாட்டமில்லை என்று கவலைப்படுகின்றீர்கள். ஊரில் படித்த பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் பணம் அனுப்பும்போது நுழைவாயில் வளைவு, மணிக்கூட்டுக் கோபுரம், நிறுவுநர் சிலை, அண்மைக் காலமாக 'ஸ்மார்ட்' பலகை. மாலைநேரப் புலமைப்பரிசில் வகுப்புக்கும் ஒரு தொகை. நூலகத்துக்கு யார் கேட்டார்கள்? நாடக அறைக்கு யார் கேட்டார்கள்?

அடுத்த தடவை சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது எழுந்து நின்று கேளுங்கள்: நாம் அனுப்பிய பணத்தில் எத்தனை கதைப் புத்தகம் வாங்கப்பட்டது, அவை அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகளின் கையில் கிழிகின்றனவா என்று. அதிபரிடம் இன்னொன்றும் கேளுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், ஒரு பாட்டைப் படித்து வினா ஏதும் கேட்காமல் விட்டுவிட ஆரம்ப வகுப்பு ஆசிரியருக்கு அனுமதி உண்டா? அதற்குப் பணம் வேண்டியதில்லை. சுற்றறிக்கை இல்லையே என்று அதிபர் தயங்கினால், வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலை எனக்கு அனுப்பினால், அது எதுவாக இருந்தாலும் இங்கே வெளியிடுவேன்.